நாலு கோரும் நின்றதா? டீபக்கர் சோதனை பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் ஒருவருக்குப் பதில் எழுதும்போது, "டீபக்கர் தப்பாகச் சொன்னால் புரோகிராமருக்கு வேறு கதியில்லை, அதனால் டீபக்கருக்கே தனியாக டெஸ்ட் எழுத வேண்டும், அதுவும் பல கோர் உள்ள சிப்பில் கட்டாயம் எழுத வேண்டும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். (டீபக்கர் என்பது ஓடுகிற புரோகிராமை நடுவில் நிறுத்தி உள்ளே பார்க்க உதவும் கருவி, கோர் என்பது சிப்புக்குள் கட்டளைகளைத் தனியாக ஓட்டும் பகுதி.) அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. இந்த மாதம் முழுக்க அதைப் பற்றியே பேசிவிடலாம்.

கேள்வி: சார், திருநெல்வேலியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் வருடம் படிக்கிறேன். டீபக்கர் என்பதே பிழை கண்டுபிடிக்கும் கருவிதானே, அதை எதற்கு இன்னொரு புரோகிராம் வைத்துச் சோதிக்க வேண்டும்? ஒரு கோர் இருந்தால் என்ன, நாலு கோர் இருந்தால் என்ன?

பதில்: பிரேக்பாயிண்ட், அதாவது "இங்கே வந்ததும் நிறுத்து" என்ற குறி, வைத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் உங்கள் கேள்வியில் பாதி தீர்ந்துவிடும். இன்டெல், ஏஎம்டி சிப்களில் டீபக்கர் என்ன செய்கிறது என்றால், நீங்கள் காட்டிய இடத்தில் இருக்கும் முதல் பைட்டை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டு அங்கே 204 என்ற எண்ணை எழுதிவிடுகிறது, பதினாறடிமானத்தில் சொன்னால் சிசி. ஒரே பைட்டில் அடங்குகிற "இங்கே நில்" கட்டளை அது. எந்த கோர் அதை ஓட்டினாலும் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) அந்தத் திரெட்டை, அதாவது புரோகிராமுக்குள் தனியாக ஓடும் அந்த ஒரு இழையை, நிறுத்தி டீபக்கருக்குச் சொல்லும். நீங்கள் 'கன்டினியூ' அடித்ததும் அந்த இடத்தில் இருந்த உண்மையான கட்டளை ஓடியாக வேண்டும் இல்லையா? அதனால் டீபக்கர் பழைய பைட்டைத் திரும்ப வைத்து, ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓட்டி, மறுபடி 204-ஐ எழுதிவிட்டு, அப்புறம்தான் புரோகிராமை ஓடவிடுகிறது.

இப்போது யோசித்துப் பாருங்கள். பழைய பைட் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும் அந்தக் கண நேரத்தில் இன்னொரு கோரில் ஓடிக்கொண்டிருக்கும் திரெட் அதே இடத்துக்கு வந்தால்? நிற்காமல் போய்விடும். ஒரே கோர் என்றால் சரியாக அந்த நேரத்தில் திரெட் மாறினால்தான் இது நடக்கும், அது அபூர்வம். நாலு கோர் என்றால் மற்ற மூன்றும் அந்த நேரம் முழுவதும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. உங்களுக்கு ஒரு எச்சரிக்கையும் வராது. "சரி, மூணாவது திரெட் இந்த ஃபங்ஷனுக்கு வரவே இல்லை போலிருக்கிறது" என்று முடிவு கட்டி, பிழை இல்லாத இடத்தில் ரெண்டு நாள் தேடுவீர்கள். டீபக்கர் கிராஷ் ஆனால்கூடப் பரவாயில்லை, ஏதோ கோளாறு என்றாவது தெரியும். சத்தமில்லாமல் ஒரு நிறுத்தத்தைத் தவறவிடுவதுதான் ஆபத்து.

இதற்கு ரெண்டு வழி இருக்கிறது. மற்ற எல்லாத் திரெட்டையும் நிறுத்திவிட்டு அந்த ஒரு கட்டளையை ஓட்டுவது ஒரு வழி. இன்னொன்று, கட்டளையை வேறொரு இடத்துக்கு நகல் எடுத்து அங்கே ஓட்டிவிட்டுத் திரும்புவது, அப்போது 204 அதன் இடத்திலேயே இருக்கும், யாரையும் நிறுத்த வேண்டாம். ரெண்டாவது வழி கேட்க அழகாக இருக்கும், ஆனால் "நான் இருக்கும் இடத்திலிருந்து இத்தனை பைட் தள்ளி" என்று முகவரி சொல்கிற கட்டளைகளை நகல் எடுத்தால் அந்தக் கணக்கு தப்பிப்போகும், ஒவ்வொன்றையும் திருத்தி ஓட்ட வேண்டும். எந்த வழியில் போனாலும் தப்பு நுழைய இடம் உண்டு.

நிறுத்துவதிலும் இதே கதைதான். லினக்ஸில் ஒரு திரெட் பிரேக்பாயிண்டில் மாட்டினால் கர்னல் அந்த ஒன்றைத்தான் நிறுத்தும். மற்றவற்றுக்கு டீபக்கர் ஒவ்வொன்றாக சிக்னல் அனுப்பித்தான் நிறுத்தியாக வேண்டும். 3 கிகாஹெர்ட்ஸ் கோரில் ஒரு மைக்ரோசெகண்ட் என்பது 3000 சைக்கிள், அதற்குள் இன்னொரு திரெட்டும் வேறு பிரேக்பாயிண்டில் போய் மாட்டிக்கொள்ளலாம். கையால் சோதிக்கிறவர் ஒருமுறை அடிப்பார், நின்றுவிடும், சரி என்பார். ஆயிரம் முறை அலுக்காமல் ஓட்டி, ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க ஸ்கிரிப்டால்தான் முடியும்.

கேள்வி: பெரிய டீபக்கர்களை உண்மையில் எப்படிச் சோதிக்கிறார்கள்? அதை நாங்கள் பார்க்க முடியுமா?

பதில்: தாராளமாக. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1986-ல் எழுதத் தொடங்கிய க்னூ டீபக்கர், எல்லோரும் ஜிடிபி என்று சொல்வது, அதன் சோதனைத் தொகுப்போடு சேர்த்தே மூலநிரலாகக் கிடைக்கிறது. டெஜாக்னூ என்ற சட்டகத்தில் ஓடுகிறது, அதற்குக் கீழே எக்ஸ்பெக்ட், அதற்கும் கீழே டிக்கிள் மொழி. எக்ஸ்பெக்ட்டின் வேலை ஒரு மனிதர் டெர்மினலில் உட்கார்ந்திருப்பதுபோல நடிப்பது. ஜிடிபியிடம் ஒரு கட்டளை அடிக்கும், திரும்பி வருகிற எழுத்துகளை ஒரு வடிவத்தோடு பொருத்திப் பார்க்கும், பொருந்தினால் பாஸ். மாற்றிச் சொல்லாவிட்டால் 10 செகண்ட் காத்திருந்துவிட்டு டைம்அவுட் என்று சொல்லிவிடும். முழுத் தொகுப்பையும் ஒரு லினக்ஸ் லேப்டாப்பில் ஓட்டினால் ஒரு லட்சத்துக்கும் மேல் பாஸ் வரும்.

விடைகளின் வகைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாஸ், ஃபெயில் என்ற ரெண்டோடு நிற்கவில்லை. வெளியே உள்ள கம்பைலர் அல்லது கர்னல் கோளாறால் விழும் என்று தெரிந்தது ஒரு தனி வகை, ஜிடிபியிலேயே உள்ள, பதிவான பிழையால் விழுவது இன்னொரு வகை, அதற்குப் பிழை எண்ணையும் குறித்துவைப்பார்கள். இந்த வன்பொருளில் பொருந்தாது என்பது வேறு, முடிவே எட்ட முடியவில்லை என்பது வேறு. உங்கள் அலுவலகத்தில் டெஸ்ட் ரிப்போர்ட் பச்சை, சிவப்பு என்ற ரெண்டே நிறத்தில் இருந்தால் முதலில் இதைத்தான் கடன் வாங்கச் சொல்வேன். எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கரின் தொகுப்பு பெரும்பாலும் பைத்தானில் எழுதப்பட்டது, டிக்கிள் பிடிக்காதவர்கள் அங்கிருந்து படிக்க ஆரம்பிக்கலாம்.

கேள்வி: கோயம்புத்தூரில் ஒரு எம்பெடெட் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். எங்கள் டீபக்கருக்கு முந்நூறு டெஸ்ட் இருக்கிறது, ராத்திரி ஓட்டுவோம். தினமும் ரெண்டு மூணு விழும், மறுநாள் அவை பாஸ் ஆகி வேறு ரெண்டு விழும். மூணு தடவை ஓட்டு, ஒரு தடவை பாஸ் ஆனாலும் பாஸ் என்று போடு என்கிறார் மேனேஜர். இது சரியா?

பதில்: சரியில்லை. அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, தினமும் காலையில் சிவப்பைப் பார்த்து சலித்துப்போயிருப்பார், அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் கணக்கைப் போட்டு அவரிடம் காட்டுங்கள். உங்கள் டீபக்கரில் நூற்றுக்கு ஐந்து முறை வெளிப்படுகிற உண்மையான ரேஸ் (எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வந்து போகும் பிழை) ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஐந்து என்பது சின்ன விஷயம் கிடையாது, வாடிக்கையாளர் ஒரு நாளில் பார்த்துவிடுவார். மூணு முறை ஓட்டி மூணும் விழுந்தால்தான் ஃபெயில் என்ற விதியில் அது ரிப்போர்ட்டில் வர வாய்ப்பு 0.05-ஐ மூணு தடவை பெருக்கினால் வருவது, அதாவது 8000-ல் ஒன்று. தினமும் ராத்திரி ஓட்டினால் சராசரியாக இருபத்திரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிடிபடும். பிழையைப் பிடிக்க எழுதிய டெஸ்ட்டை, பிழையை மறைக்கிற டெஸ்ட்டாக அந்த ஒரு விதி மாற்றிவிடுகிறது.

இன்னொரு பக்கமும் பாருங்கள். ஆயிரம் டெஸ்ட் இருந்து, ஒவ்வொன்றும் ஆயிரத்துக்கு ஒருமுறை மட்டும் காரணமில்லாமல் விழுந்தால்கூட, ஒரு ராத்திரி முழுக்கப் பச்சையாக வர வாய்ப்பு ஏறக்குறைய 37 சதவீதம்தான். அதாவது மூணில் ரெண்டு காலை சிவப்பு. ஆகவே இந்தச் சின்னச் சின்னத் தடுமாற்றத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து அடைத்தே ஆக வேண்டும், வேறு வழியில்லை.

எப்போதாவது விழும் டெஸ்ட்டுக்குக் காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும் என்பது என் அனுபவம். டெஸ்ட் ஸ்கிரிப்டிலேயே ரேஸ், டீபக்கரில் ரேஸ், அல்லது மெஷினில் பாரம் அதிகமாகி டைம்அவுட். எது என்று பிரிப்பதுதான் வேலை. ஜிடிபிக்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் ஏற்பாடுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஒன்று, அதே தொகுப்பைப் பல தடவை ஓட்டி (இயல்பாக 3 தடவை) விடை மாறுகிற டெஸ்ட்டுகளை மட்டும் தனிப்பட்டியலாகத் தரும் இலக்கு ஒன்று மேக்ஃபைலில் இருக்கிறது. மேனேஜர் சொன்னதுபோலவே திரும்பத் திரும்ப ஓட்டுவதுதான், ஆனால் இங்கே தடுமாறும் டெஸ்ட் மறைவதற்குப் பதிலாக வெளியே வருகிறது. இதைக் காட்டினால் அவரும் ஒத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று இன்னும் நுட்பமானது. எக்ஸ்பெக்ட் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு எழுத்து மட்டும் படிக்கும்படி, ஒரு சின்ன லைப்ரரியை முன்கூட்டியே ஏற்றிவிட்டு ஓட்டுவார்கள். ஏன் தெரியுமா? ஜிடிபி "திரெட் 2 நின்றது" என்று எழுதி அப்புறம் பிராம்ப்ட் (அடுத்த கட்டளைக்குத் தயார் என்ற அடையாளம்) போடுகிறது என்று வையுங்கள். சாதாரணமாக ரெண்டும் ஒரே வீச்சில் வந்துவிடும், பிராம்ப்ட் வரை பொருத்தாத அரைகுறை வடிவமும் பாஸ் ஆகிவிடும். கர்னல் கொஞ்சம் தாமதித்து ரெண்டு துண்டாகக் கொடுத்தால், முதல் துண்டிலேயே பொருந்திவிட்டு, மிச்சம் அடுத்த டெஸ்ட்டின் வாயில் போய் விழும், அது ஃபெயில் ஆகும், நீங்கள் தப்பான டெஸ்ட்டைத் தேடிக்கொண்டிருப்பீர்கள். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தால் இந்த வகை ஸ்கிரிப்ட் கோளாறு எப்போதாவது விழுவது போய் எப்போதும் விழும். எப்போதும் விழுவதைத் திருத்துவது சுலபம். இதற்கு நேர் எதிராக, வேண்டுமென்றே தாமதித்து நிறைய எழுத்துகளை மொத்தமாகப் படிக்க வைக்கும் ஏற்பாடும் உண்டு.

பாரத்தைப் பிரிக்க, எல்லா கோரையும் வெட்டி வேலையில் மூழ்கடித்துவிட்டு அதே டெஸ்ட்டை ஓட்டுங்கள். அப்புறம் டாஸ்க்செட் கட்டளையால் ஒரே கோரில் கட்டிப்போட்டு ஓட்டுங்கள். ஒரே கோரில் ஒருபோதும் விழாமல், நாலு கோரில் மட்டும் விழுந்தால் அது பெரும்பாலும் உண்மையான ரேஸ். டைம்அவுட்டை 10 செகண்டிலிருந்து 60 ஆக்கினதும் மறைந்தால் பாரம். 60 ஆக்கியும் தொங்கினால் அங்கே ஒரு நிகழ்வு தொலைந்திருக்கிறது, விடாதீர்கள்.

எத்தனை முறை ஓட்டினால் போதும் என்றும் பலர் கேட்பீர்கள். நூற்றில் ஒருமுறை வெளிப்படும் பிழை, 100 முறை ஓட்டினாலும் கண்ணில் படாமல் போக 37 சதவீத வாய்ப்பு இருக்கிறது. 300 முறை ஓட்டினால் 5 சதவீதமாகக் குறையும். திருத்திவிட்டேன், 20 தடவை ஓட்டிப் பார்த்தேன், சரியாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் நான் மரியாதையாக 300 தடவை ஓட்டிவிட்டு வரச் சொல்வேன்.

கேள்வி: டெஸ்ட்டில் ரெண்டு திரெட்டும் சரியான இடத்துக்கு வருவதற்காக ஸ்லீப் போடுகிறேன். தப்பா?

பதில்: தப்பு. உங்கள் மெஷினில் போதுமாக இருக்கும் ஒரு செகண்ட், பாரம் ஏறிய சர்வரில் போதாது. பேரியர் போடுங்கள், எல்லாத் திரெட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் எதுவும் நகரும், எத்தனை மெதுவான மெஷினாக இருந்தாலும் சரி. சோதிக்கப்படும் புரோகிராமில் ஒரு அலாரம் மட்டும் வைத்துவிடுங்கள், ஜிடிபி டெஸ்ட்டுகளில் பலவற்றில் இருக்கும், டீபக்கர் செத்துப்போனாலும் அந்தப் புரோகிராம் சில நிமிஷத்தில் தானாக முடிந்துவிடும். இல்லையென்றால் காலையில் வந்து பார்க்கும்போது கோர்களைத் தின்றுகொண்டு நாற்பது அநாதை புரோகிராம் ஓடிக்கொண்டிருக்கும், அடுத்த ஓட்டத்தின் டைம்அவுட்டுக்கு அதுவே காரணமாகிவிடும்.

கேள்வி: அண்ணா, சென்னையில் ஒரு சின்ன டீமில் டீபக்கர் எழுதுகிறோம். இருப்பது நான் ஒருத்திதான் டெஸ்ட் எழுத. பல கோருக்கு என்று முதலில் எதை எழுதட்டும்?

பதில்: தங்கச்சி, ஒருத்தியாக இருப்பதால் எண்ணிக்கையில் சரிபார்க்க முடிகிற டெஸ்ட்டுகளை முதலில் எழுதுங்கள். எழுத்து ஒப்பீட்டை விட எண் ஒப்பீடு ஏமாற்றாது.

நாலு திரெட், ஒவ்வொன்றும் ஒரு ஃபங்ஷனை 1000 முறை கூப்பிடட்டும். அந்த ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் வைத்து, 'இக்னோர்' கட்டளையால் பத்து லட்சம் தடவை கண்டுகொள்ளாதே என்று சொல்லுங்கள். புரோகிராம் நிற்காது, ஆனால் ஒவ்வொரு முறையும் உள்ளே அந்தப் பைட் மாற்றும் சடங்கு முழுசாக நடக்கும், எண்ணிக்கையும் ஏறும். கடைசியில் 'இன்ஃபோ பிரேக்பாயிண்ட்ஸ்' அடித்தால் சரியாக 4000 என்று காட்ட வேண்டும். 3999 காட்டினாலும் ஒரு திரெட் நழுவிப் போயிருக்கிறது. இந்த ஒரு டெஸ்ட் ஐம்பது டெஸ்ட்டுக்குச் சமம், நான் எந்தப் புது டீபக்கரைத் தொட்டாலும் முதலில் இதைத்தான் எழுதுவேன்.

அடுத்தது, ரெண்டு திரெட் ஒரே நேரத்தில் பிரேக்பாயிண்டில் மாட்டுவது. டீபக்கர் ஒன்றை உங்களுக்குச் சொல்லும், இன்னொன்றை அப்புறம் சொல்லலாம் என்று உள்ளே வைத்திருக்கும். அந்த நேரத்தில் பயனர் பிரேக்பாயிண்ட்டை அழித்துவிட்டால்? வைத்திருந்த நிகழ்வைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த ரெண்டாவது திரெட்டை உண்மையான கட்டளையின் தொடக்கத்திலிருந்து ஓட்ட வேண்டும். அடுத்து ஓட்ட வேண்டிய முகவரியை வைத்திருக்கும் அதன் பிசி ரிஜிஸ்டர் ஒரு பைட் தள்ளி நின்றுவிட்டால் கட்டளையின் நடுவயிற்றிலிருந்து ஓட ஆரம்பிக்கும், அல்லது எங்கிருந்தோ ஒரு ட்ராப் சிக்னல் வந்து நிற்கும். புதிதாக எழுதுகிறவர்கள் எல்லோரும் இங்கே ஒருமுறையாவது தப்புவார்கள். பேரியர் வைத்து ரெண்டையும் சேர்த்து விட்டு, முதல் நிறுத்தம் வந்ததும் அழித்துவிட்டு, தொடர்ந்து ஓட்டி, புரோகிராம் சரியான விடையோடு முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் பட்டினி. நாலு திரெட்டும் ஓயாமல் நின்றுகொண்டே இருந்தால், டீபக்கர் எப்போதும் பட்டியலில் முதலில் இருப்பதையே எடுத்தால் மற்றவை நகரவே நகராது. ஜிடிபி லினக்ஸில் காத்திருக்கும் திரெட்களில் ஒன்றைக் குலுக்கல் போல எடுப்பது இதனால்தான். ஒரு நிமிஷம் ஓட்டி, ஒவ்வொரு திரெட்டும் முன்னேறியிருக்கிறதா என்று எண்ணுங்கள். சமமாக இருக்க வேண்டியதில்லை, பூஜ்யம் இருக்கக் கூடாது.

வாட்ச்பாயிண்ட்டையும் (ஒரு மாறியில் யாராவது எழுதினால் நிறுத்தும் ஏற்பாடு) விட்டுவிடாதீர்கள். இன்டெல் வகைச் சிப்களில் அதற்கு இருப்பது நாலே நாலு முகவரி ரிஜிஸ்டர், அவை திரெட்டுக்குத் திரெட் தனித்தனி. நீங்கள் வாட்ச்பாயிண்ட் வைத்த பிறகு பிறக்கிற திரெட்டிலும் அது இருக்க வேண்டும். வாட்ச்பாயிண்ட் வைத்த பிறகு ஒரு புதுத் திரெட்டை உருவாக்கி, அது முதல் வேலையாக அந்த மாறியில் எழுதட்டும், நிற்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, ஓடிக்கொண்டிருக்கிற, நொடிக்கு நொடி திரெட்களைப் பெற்றுச் சாகடிக்கிற ஒரு புரோகிராமோடு போய் இணைவது. நீங்கள் பட்டியல் எடுத்து முடிப்பதற்குள் பட்டியல் மாறியிருக்கும். ஜிடிபி இதைச் சமாளிக்கிற விதம் நன்றாக இருக்கும்: கர்னல் தகவல் தரும் ப்ராக் கோப்பமைப்பில் திரெட் பட்டியலை மறுபடி மறுபடி படித்து, அடுத்தடுத்து ரெண்டு சுற்றில் புதிதாக எதுவும் தென்படாமல் போகும் வரை விடாது. இதற்கென்றே தனி டெஸ்ட் ஜிடிபி தொகுப்பில் இருக்கிறது, தேடிப் படியுங்கள்.

கேள்வி: லினக்ஸ் இல்லாத வெற்று போர்டு, ரெண்டு கோர், ஜேடேக் (சிப்புக்குள் நேரடியாக நுழைய உதவும் டீபக் இணைப்பு) வழியாகத்தான் எல்லாம். மேலே நீங்கள் சொன்னது எங்களுக்குப் பொருந்துமா?

பதில்: எண்ணுவது பொருந்தும். ஆனால் உங்களுக்குக் கூடுதலாக ரெண்டு தலைவலி இருக்கிறது, முதலாவதை நான் சொந்தமாக அனுபவித்தேன். பல வருடம் முன்பு நான் இருந்த குழுவில் ரெண்டு கோர் போர்டு ஒன்றுக்கு டீபக்கர் எழுதினோம். பிரேக்பாயிண்ட் வைத்தால் முதல் கோர் நிற்கும், ரெண்டாவது சில நேரம் நிற்கும், சில நேரம் நிற்காது. எங்கள் டெஸ்ட் எல்லாம் பாஸ். மூணு வாரம் தேடினோம். கடைசியில் பார்த்தால், டீபக்கர் மெமரியில் பிரேக்பாயிண்ட் கட்டளையைச் சரியாகத்தான் எழுதியிருந்தது, ஆனால் ரெண்டாவது கோர் அந்த ஃபங்ஷனை ஏற்கனவே ஒருமுறை ஓட்டியிருந்தால் அதன் கட்டளை கேஷில் (கட்டளைகளின் நகலை கோர் தன் அருகே வைத்திருக்கும் சின்ன நினைவகம்) பழைய நகல் இருந்தது, அது மெமரியைப் பார்க்கவே இல்லை. எங்கள் டெஸ்ட் எப்போதும் போர்டை ரீசெட் செய்துவிட்டு, கேஷ் காலியாக இருக்கும்போதே பிரேக்பாயிண்ட் வைத்தது, அதனால்தான் பாஸ் ஆகிக்கொண்டே இருந்தது. மூணு வாரம் போனதை விட, அந்த டெஸ்ட்டை எழுதியவன் நான்தான் என்பது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது.

ரிஸ்க்-ஃபைவ் என்ற சிப் வகையின் வரையறையில் இது இன்னும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது: மெமரியில் எழுதிய புதுக் கட்டளையைப் பார்க்க வைக்கும் ஃபென்ஸ்.ஐ என்ற கட்டளை, அதை ஓட்டும் கோருக்கு மட்டும்தான் பொருந்தும். டீபக்கர் ஒரு கோர் வழியாகப் பிரேக்பாயிண்ட் எழுதினால் மற்ற ஒவ்வொரு கோரிலும் அதை ஓட்டியாக வேண்டும். ஆகவே உங்கள் டெஸ்ட் இப்படி இருக்கட்டும்: எல்லா கோரும் முதலில் அந்த ஃபங்ஷனை நூறு முறை ஓட்டட்டும், கேஷ் சூடாகட்டும், அப்புறம் பிரேக்பாயிண்ட் வையுங்கள், ஒவ்வொரு கோரும் நிற்கிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். எடுத்த பிறகும் ஒரு சுற்று, ஏனென்றால் அழித்த பிரேக்பாயிண்ட் கேஷில் மிச்சமிருந்து நிறுத்துவதும் நடக்கும்.

ரெண்டாவது தலைவலி, ஒன்று நின்றதும் மற்றது எவ்வளவு நேரம் கழித்து நிற்கிறது என்பது. டீபக்கர் ஜேடேக் வழியாகக் கேட்டுக் கேட்டு, ஒன்று நின்றது தெரிந்தபிறகு மற்றதை நிறுத்தினால் பல ஆயிரம் சைக்கிள் ஓடிவிடும். ஆர்ம் சிப்களின் கோர்சைட் என்ற டீபக் அமைப்பில் ஒரு கோர் நின்றதும் மற்றவற்றுக்கு நேரடியாகத் தட்டிச் சொல்லும் குறுக்குத் தூண்டல் வன்பொருள் இருக்கிறது, ரிஸ்க்-ஃபைவ் டீபக் வரையறையில் அதே வேலைக்கு ஹால்ட் குரூப் என்று வைத்திருக்கிறார்கள். அது உண்மையில் இயங்குகிறதா என்று அளந்து பார்க்கலாம். ஒவ்வொரு கோரும் எல்லோருக்கும் பொதுவான டைமரை ஓயாமல் படித்துத் தன் மெமரிக் கட்டத்தில் எழுதிக்கொண்டே இருக்கட்டும். ஒன்றைப் பிரேக்பாயிண்டில் நிறுத்தி, நின்ற பிறகு எல்லாக் கட்டத்தையும் படித்து வித்தியாசத்தைப் பாருங்கள். இந்த எண்ணை ஒவ்வொரு ராத்திரியும் சேமித்து வையுங்கள், ஒருநாள் திடீரென்று நூறு மடங்கானால் யாரோ அந்தக் குறுக்குத் தூண்டலை அணைத்துவிட்டார்கள் என்று அர்த்தம், மற்ற எந்த டெஸ்ட்டும் அதைச் சொல்லாது.

போர்டுக்கு மின்சாரத்தை ஸ்கிரிப்டே அணைத்துப் போடும்படி ஒரு ரிலே வைத்துவிடுங்கள். ராத்திரி ரெண்டு மணிக்குத் தொங்கிப்போன போர்டு மிச்ச டெஸ்ட்டை எல்லாம் வீழ்த்திவிடக் கூடாது.

கேள்வி: சிப்பைப் போல நடிக்கும் எமுலேட்டரிலேயே எல்லாம் ஓட்டிவிடலாமே, போர்டு எதற்கு?

பதில்: பாதியை ஓட்டலாம், ஓட்டவும் வேண்டும். ரிஸ்க்-ஃபைவ்காரர்களின் சோதனைக் களஞ்சியத்தில் டீபக் என்றே ஒரு அடைவு இருக்கிறது, ஜிடிபி, சிப்போடு அதற்காகப் பேசும் ஓப்பன்ஓசிடி, அதற்குக் கீழே ஸ்பைக் சிமுலேட்டர் என்று மூன்றையும் கோத்து பைத்தான் ஸ்கிரிப்ட் ஓட்டும், ரெண்டு ஹார்ட் உள்ள அமைப்புகளும் அதில் உண்டு. கட்டளைகளைத் தனியாக ஓட்டும் ஒவ்வொரு வன்பொருள் திரெட்டையும் அவர்கள் ஹார்ட் என்பார்கள், எளிய சிப்பில் ஒரு கோருக்கு ஒன்று. போர்டே இல்லாமல் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு நல்ல பாடம் அது.

ஆனால் மேலே சொன்ன கேஷ் பிழை கியூஎமு என்ற எமுலேட்டரில் ஒருநாளும் வராது, அது கேஷையே அப்படி நடித்துக் காட்டுவதில்லை. நிறுத்தச் சொன்னால் எல்லா கோரையும் மொத்தமாக நிறுத்திவிட்டுத்தான் பதில் சொல்லும், அதனால் நிற்கும் தாமதமும் தெரியாது. 2017-ல் 2.9 பதிப்பு வரும் வரை, வேறு சிப்பை நடிக்கும்போது கியூஎமு எல்லா கோரையும் ஒரே திரெட்டில் மாற்றி மாற்றித்தான் ஓட்டியது, அதில் உண்மையான ரேஸ் எப்படி வரும்? கட்டளை தர்க்கம் சரியா என்று எமுலேட்டரில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பாருங்கள், நேரம் சம்பந்தப்பட்டதை ராத்திரி போர்டில் பாருங்கள்.

கேள்வி: டெஸ்ட் விழும்போது காரணம் பார்க்க லாக் போட்டால் விழுவதே நின்றுவிடுகிறது! என்ன செய்ய?

பதில்: இதற்கு ஹைசன்பக் என்று பெயர், ஜிம் கிரே 1985-லேயே தன் கட்டுரையில் இந்தச் சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார். லாக்கை ஃபைலில் எழுதாமல் மெமரியில் ஒரு வட்ட பஃபரில், திரெட்டுக்கு ஒன்றாக, எண்களாக மட்டும் போடுங்கள், விழுந்தபிறகு கொட்டிப் பாருங்கள். எழுத்தாக மாற்றுவதுதான் நேரத்தைத் தின்கிறது. மொசில்லாவில் உருவான ஆர்ஆர் கருவியில் பதிவு செய்து திரும்ப ஓட்டுவதும் பெரிய உதவி. அது எல்லாத் திரெட்டையும் ஒரே கோரில்தான் ஓட்டும், ஆனால் கேயாஸ் முறையில் விட்டால் திரெட் மாறும் வரிசையை வேண்டுமென்றே கலைத்துப் பார்க்கும், எனக்குப் பல நேரம் அதுவே போதுமாக இருந்திருக்கிறது. ஒருமுறை விழுந்த ஓட்டம் கையில் பதிவாகிவிட்டால் எத்தனை முறை வேண்டுமானாலும் அதே விழுதலைப் பார்க்கலாம்.

கேள்வி: வீட்டில் பழகிப் பார்க்க என்ன வாங்க வேண்டும்? பெரிய செலவு முடியாது.

பதில்: லினக்ஸ் போட்ட எந்த லேப்டாப்பும் போதும், இன்றைக்கு எல்லாவற்றிலும் பல கோர்தான். ஜிடிபி மூலநிரலை இறக்கி, பில்ட் செய்து, முழுத் தொகுப்பையும் ஓட்டாமல் திரெட்ஸ் அடைவில் உள்ளவற்றை மட்டும் ஓட்டுங்கள். டெஜாக்னூவைத் தனியாக நிறுவ மறக்காதீர்கள், அது இல்லாமல் நின்றுவிட்டது என்று நிறையப் பேர் எழுதுகிறார்கள். போர்டும் வேண்டும் என்றால் ராஸ்பெர்ரி பை பிகோ வாங்குங்கள், 2021-ல் 4 டாலருக்கு வந்தது, ரெண்டு கார்டெக்ஸ் எம்0 பிளஸ் கோர் இருக்கிறது. ரெண்டு வாங்குங்கள், ஒன்றையே மற்றதற்கு டீபக் கருவியாக மாற்றிக்கொள்ளலாம், அதற்கான ஃபர்ம்வேர் இலவசம். முதல் டெஸ்ட்டாக மேலே தங்கச்சிக்குச் சொன்ன எண்ணும் டெஸ்ட்டை எழுதுங்கள், ரெண்டு கோர், தலா 1000 தடவை. 2000 வராவிட்டால் எத்தனை வந்தது, எத்தனை முறை ஓட்டினீர்கள், எந்த ஓட்டத்தில் எத்தனை என்று குறித்து எனக்கு அனுப்புங்கள், அடுத்த இதழில் அதை எடுத்துப் பார்ப்போம்.